அப்பா சாகவில்லை

எங்கள் கடற்கரையில் சட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் குறைவு. செரிமானத்துக்குப் பயப்படாதவர்கள் யாருமில்லை. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் கடலில் இறங்கினால் வயிறு இழுத்துக்கொண்டு ஆள் காலி என்பார்கள். அப்படிச் செத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் இத்தாலியில், எங்கள் செனிகாலியா ஊரில் அதை வாய்விட்டுச் சொல்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது.

என் மனைவி ஒர்னெல்லா அந்த மூன்று மணி நேரத்தையும் வீணாக்க விடமாட்டாள். மூன்று மாத விடுமுறையில் பிள்ளையின் மூளை துருப்பிடித்துவிடுமாம். பள்ளியில் கொடுத்த பயிற்சிப் புத்தகம் போதாதென்று, மூளையை வளர்க்கும் தொண்ணூறு கோடைப் பயிற்சிகள் என்று ஒன்றை வாங்கி வந்தாள். தினமும் மதியம் எங்கள் ஒன்பது வயது மகள் நீவெஸ் கடற்கரைக் குடைக்கு அடியில் கிளிஞ்சல்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். மூளை வளர்ந்ததோ இல்லையோ, கோபம் நன்றாக வளர்ந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆகஸ்ட் பதினைந்து, மாதா பண்டிகையன்று மூன்று மணிக்குச் சிறுவர் நீச்சல் போட்டி. நேரம் குறித்தவர் பன்னிரண்டுக்கே சாப்பிட்டு முடிக்கிற ஆள். நாங்கள் உட்காருவதே ஒரு மணிக்கு. பண்டிகைச் சாப்பாட்டை வேண்டாம் என்பது செரிமானக் குற்றத்தைவிடப் பெரிய குற்றம். ஆகவே முடியாது என்றாள் ஒர்னெல்லா. அப்பாவும் காத்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று என்னைக் காட்டினாள். நானும் பொறுப்பான தகப்பனாகத் தலையாட்டிவைத்தேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் முப்பத்தொன்றாவது பயிற்சி வந்தது. ஏதாவது ஒன்றைப் பத்து நாள் கவனித்து, நேரத்தோடு எழுதி, முடிவு சொல்ல வேண்டும். ஒர்னெல்லா எறும்பைச் சிபாரிசு செய்தாள். நீவெஸ் தானே தேர்ந்தெடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். பத்து நாளும் தொப்பியை இறக்கிவிட்டு, நோட்டும் பென்சிலுமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒர்னெல்லா பூரித்துப்போய்க் குடை குடையாகப் பெருமையடித்தாள்.

பண்டிகைக்கு முந்தைய நாள் காலை, ஒர்னெல்லா அக்கம்பக்கத்துக் குடைகளில் இருந்தவர்களை உட்காரவைத்து நோட்டைச் சத்தமாக வாசித்தாள். முதல் பக்கத்தில் ஒரு ஜெர்மன் குடும்பம். பன்னிரண்டரைக்குத் தொத்திறைச்சி தின்றார்கள், ஒன்றேகாலுக்குக் கடலில் இறங்கினார்கள், யாரும் சாகவில்லை. ஜெர்மானியர் வயிறு வேறு மாதிரி என்றார் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் பெர்செல்லி. கூட்டம் ஏற்றுக்கொண்டது.

ஒர்னெல்லா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"ஆகஸ்ட் நான்கு. ஒரு மணி: அப்பா லசானியா இரண்டு தட்டு, முலாம்பழம் பாதி. ஒன்றே முக்கால்: அம்மா தூங்கிவிட்டார். ஒன்று ஐம்பது: அப்பா பாறைக்குப் பின்னால், தண்ணீரில், கழுத்து வரை. இரண்டரை: என் துண்டில் தலை துவட்டினார். அப்பா சாகவில்லை."

ஐந்தாம் தேதி பொரித்த மீன், சாகவில்லை. ஆறாம் தேதி கத்தரிக்காய், சாகவில்லை. வாசிக்க வாசிக்க ஒர்னெல்லாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கத்தில் முடிவு இருந்தது: "சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு என்பது முக்கியமில்லை. அம்மா தூங்குகிறாரா என்பதுதான் முக்கியம்."

பெர்செல்லி சிரிப்பை அடக்க மாட்டாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல் இருந்தது.

"கணக்கு தப்பா இருந்தா சொல்லும்மா," என்றாள் நீவெஸ்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. நாளைக்கு நீ போட்டிக்குப் போற." பிறகு ஒர்னெல்லா என் பக்கம் திரும்பினாள். "பதினோரு வருஷமா இந்த வெயில்ல வெந்துக்கிட்டு, கடலைப் பாத்துக்கிட்டே காத்திருந்தது நான் ஒருத்திதானா?"

அவளுக்கும் தண்ணீர் ஆசை இருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. உண்மையாகவே வெட்கப்பட்டேன்.

பண்டிகையன்று இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கே ஒர்னெல்லா கடலில் இறங்கினாள். ஊரே பார்த்தது. திரும்பிப் பார்க்காமல் நீந்தினாள். மூன்று மணிக்கு நீவெஸ் போட்டியில் நான்காவதாக வந்தாள். நான் குடைக்கு அடியில், நான்கு மணி வரை எனக்கு விதிக்கப்பட்ட இடத்தில், கிளிஞ்சல் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நீவெஸ் சொட்டச் சொட்ட ஓடிவந்து என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குப்பா. வெள்ளையும் மஞ்சளும் கலந்து கிடக்கு, மறுபடி பிரிங்க."