குழாய்க்கு இந்தப் பக்கம்

"பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் பூசின மாதிரி இருக்கும்மா," என்றார் பெயின்டர், ஏணியைச் சாய்த்துக்கொண்டே.

"பூசுறது என் முகத்துக்கு. உனக்கென்ன?" என்றாள் பெரியவள்.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கட்டிய வீடு அது. ஒரே முகப்பு, இரண்டு வாசல். நடுவில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய். குழாய்க்கு இந்தப் பக்கம் அண்ணன் பெண்டாட்டியான பெரியவள், அந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டியான சின்னவள். ஆண்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபின் இவள் இங்கே தனி, அவள் அங்கே தனி. நடுச்சுவரில் இரண்டு தட்டு தட்டினால் டீ தயார் என்று அர்த்தம்.

அந்தத் தட்டு நின்று ஐந்து மாதம் ஆகிறது.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். பெரியவள் குளியலறையில் சோப்பு வழுக்கி விழுந்தாள். சின்னவள்தான் அம்மிக்குழவியால் தாழ்ப்பாளை உடைத்து, புடவையைச் சுற்றித் தூக்கி வந்தாள். அதோடு விட்டாளா? பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நடித்தே காட்டினாள். "'ஐயோ, சோப்பு எங்கேடி'ன்னு கேக்குறாங்க! இடுப்பு போச்சேன்னு அழலை, சோப்பு போச்சேன்னு அழறாங்க!" எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒன்பதாவது தடவை பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே கத்தினாள்: "என் மானத்தை வித்து ஊருக்கு வேடிக்கை காட்டுறியா? இனிமே என் வாசப்படி மிதிக்காதே!"

சின்னவள் மிதிக்கவில்லை.

ஆனால் சுவர் மெலிசு. சின்னவளுடைய மகள் தினமும் போனில் கூப்பிடுவது கேட்கும். "தனியா என்னம்மா பண்றே? என்கூட வந்துடு." சின்னவள் ஒவ்வொரு நாளும் ஒரே பதில்தான் சொல்வாள்: "பாக்கலாம், பாக்கலாம்." அந்தப் 'பாக்கலாம்' காதில் விழுந்த பிறகுதான் பெரியவளுக்குத் தூக்கம் வரும். இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சின்னவள் இறங்கி வரட்டும் என்று பெரியவள் காத்திருந்தாள். வரவில்லை. ரோஷம் முற்றிப்போய்ப் பெயின்டரை அழைத்தாள்.

வீட்டுக்கு நிறம் பூசும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் சண்டைதான். பெரியவளுக்கு வெண்ணெய் மஞ்சள் வேண்டும். சின்னவளுக்கு நீலம். ஆண்கள் தலையில் கைவைத்துக்கொண்டு கடைசியில் வெள்ளை அடிப்பார்கள். இந்தத் தடவை யாரைக் கேட்கணும்? "மஞ்சள். குழாயோட நிறுத்து. ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகக்கூடாது."

பெயின்டர் குழாய் ஓரமாக மேலிருந்து கீழே நேராக டேப் ஒட்டினார். ஒட்டிக்கொண்டிருக்கும்போது சின்னவள் கதவைத் திறந்தாள். பெரியவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சின்னவள் டேப்பைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். "வெயிலா இருக்கே, தண்ணி வேணுமா?" என்று பெயின்டரைக் கேட்டாள். ஒரு சொம்பு கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். 'நல்லா எரியட்டும்' என்று நினைத்துக்கொண்டாள் பெரியவள்.

அன்றைக்கும் மறுநாளும் போன் வந்தது பெரியவளுக்குத் தெரியாது. மாத்திரை போட்டு அசந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பெயின்டர் கூப்பிட்டார். "பின்பக்கம் வந்து பாருங்கம்மா. அங்க ஏற்கெனவே யாரோ மஞ்சள் அடிச்சுப் பாத்திருக்காங்க."

விழுந்ததிலிருந்து பெரியவள் பின்பக்கம் போனதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். சின்னவள் வீட்டுப் பின்சுவரில், துணிக்கொடிக்குக் கீழே, மூன்று சதுரங்கள். மூன்றும் மஞ்சள். ஒன்று வெளிறல், ஒன்று அடர்த்தி, நடுவில் இருந்தது அச்சு அசல் வெண்ணெய்.

"பிரஷ் பிடிக்கத் தெரியாத கை," என்றார் பெயின்டர். "ரெண்டு வாரம் இருக்கும்."

நீலம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

பெரியவள் அப்படியே சுற்றிக்கொண்டு போய்ச் சின்னவளின் வாசலில் ஏறினாள். கூடத்தில் நான்கு அட்டைப்பெட்டிகள். சின்னவள் ஐந்தாவதைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. பாத்து, அங்க கயிறு கிடக்கு."

"எங்கேடி?"

"மகள் வீட்டுக்கு. நாளைக்குக் காலையில வண்டி வருது."

"பின் சுவத்துல பாத்தேன்."

"ஓ." சின்னவள் நிமிரவில்லை. "எது உங்களுக்குப் பிடிக்கும்னு தெரியலை. அதான் மூணு வாங்கினேன். ரெண்டு பக்கமும் சேர்த்து அடிச்சிடலாம்னு."

"வாயத் திறந்து சொல்லக் கூடாதா?"

"வாசப்படி மிதிக்காதேன்னீங்க. சரி, அக்கா கோபம் ஆறட்டும்னு இருந்தேன். முந்தாநாள் கதவைத் திறந்தா பெயின்டர் கோடு போட்டுட்டிருந்தாரு. இதுக்கு மேல என்னத்தைப் பாக்கறதுன்னு, போன் வந்ததும் வரேன்னு சொல்லிட்டேன்."

"இப்பவே உன் பக்கமும் அடிக்கச் சொல்றேன்."

"இனி யாருக்கு அடிக்கறது? குடி வர்றவங்களுக்கு எது பிடிக்குமோ!"

'போகாதே' என்று ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். பெரியவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"போறப்போ பாத்துப் போ."

"நீங்க பாத்துக் குளிங்க. தாழ்ப்பாள் போடாதீங்க. உடைக்க இனிமே ஆள் இல்லை."

பிறகு பெரியவள், குழந்தை கேட்பதுபோல, "நான் விழுந்த கதையைச் சொல்லேன்," என்றாள். "சோப்பு கதை. நடிச்சுக் காட்டு."

சின்னவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"மறந்துபோச்சுக்கா."

வெளியே பெயின்டர் டேப்பைச் சர்ரென்று உரித்தார்.

"அம்மா! வந்து பாருங்க. கத்தியால வெட்டின மாதிரி வந்திருக்கு கோடு!"