புதுப் பெயின்ட் அடித்த உத்திரங்கள்

கை கழுவிவிட்டு வருவதற்குள் யாரோ லோடைக் கட்டியிருந்த பெல்ட்டைத் தளர்த்தியிருந்தார்கள்.

புறப்படுமுன் ட்ரெய்லரைச் சுற்றிவந்து ஒவ்வொரு பெல்ட்டையும் தட்டிப் பார்ப்பது டிரைவரின் வழக்கம். முதல் பெல்ட் விறைப்பாக நின்றது. இரண்டாவது, தட்டிய கையோடு கூடவே வந்தது. அதற்கடியில் நாலாக மடித்த பழைய போர்வை. இரும்பு உத்திரங்களுக்கு நடுவில் அவன் விரித்திருந்த ரப்பர் துண்டுகளையும் காணோம்; அங்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் பளபளத்தது.

"யாரு பாத்த வேலை இது?"

பட்டறைக்காரர் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு நிதானமாக வந்தார். "நான்தான் மாப்ளே. நீ இறுக்கின இறுக்குல பெயின்ட் உரிஞ்சுடும். அந்த ரப்பரு வேற ஒட்டிக்குது."

வேறு யாராக இருந்தாலும் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பான். இவர் அக்கா புருஷன். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஒட்டிக்கத்தான் மாமா அத வச்சதே. பிளாஸ்டிக்கு மேல இரும்ப அடுக்கினா வழுக்காதா?"

"இவ்வளவு கனம் எங்க போயிடும்? நாலு ஆளு தள்ளினாலே நகராது."

"ஆளு தள்ளினா நகராது. பிரேக் போட்டா நகரும். மேம்பாலத்து இறக்கத்துல சிக்னல் இருக்கு. அங்க நின்னா இதெல்லாம் என் முதுகுலதான் வந்து நிக்கும்."

"உனக்கு எப்பவும் இதே பயம். வீடு கட்டுற எடத்துல கிரேன்காரன் காத்துட்டிருக்கான். உத்திரத்துல ஒரு கீறல் இருந்தா எடுத்துக்க மாட்டேன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். என் பொழப்ப நெனச்சுப் பாத்தியா?"

"உங்க பொழப்ப நெனைக்கிறேன். என் உயிர யாரு நெனைக்கிறது?"

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். "ரெண்டு பேரும் சண்டைய முடிச்சுட்டு வண்டிய எடுக்கப் போறீங்களா, இல்ல நானே ஓட்டிட்டுப் போகவா?"

இனிப் பேசிப் பயனில்லை. டிரைவர் கேபினின் மறுபக்கக் கதவைத் திறந்தான். "மாமா, ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"நகராதுன்னீங்கள்ல? ஏறுங்க. அக்கா, நீ தள்ளி சுவரோரம் போய் நில்லு."

மாமா மீசையைத் தடவியபடி ஏறினார். பட்டறை முற்றம் நீளமானது. டிரைவர் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான். "இந்த வேகத்துல என்னடா..." என்று மாமா ஆரம்பிக்கும்போதே பிரேக்கை மிதித்தான்.

வண்டி நின்றது. உத்திரங்கள் நிற்கவில்லை. தாளின்மேல் சறுக்கிவந்து, கேபினுக்குப் பின்னாலிருந்த இரும்புத் தடுப்பில் மோதின. இருக்கை அதிர்ந்தது. மாமாவின் இரண்டு கைகளும் தலைக்குமேல் போயிருந்தன.

இறங்கி, பின்னால் போய்ப் பார்த்தார். முனைகளில் பெயின்ட் பெயர்ந்து இரும்பு தெரிந்தது.

"போச்சு! பெயின்ட் போச்சே!"

டிரைவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அக்காதான் கத்தினாள். "பெயின்ட்டா? பாலத்துல இப்படி ஆகியிருந்தா என் தம்பி போயிருப்பான்! மறுபடி அடிச்சுக்க அவன் என்ன உத்திரமா? எடுங்க அந்தப் போர்வைய!"

லோடைத் தூக்கித் திரும்ப வைக்க மதியமாகிவிட்டது. பிளாஸ்டிக் போய் ரப்பர் வந்தது. பெல்ட் படும் விளிம்புகளுக்குத் தடித்த மூலைத்தகடு. டிரைவர் இறுக்கும்போதெல்லாம் மாமா தன் வயிற்றையே இறுக்குவதுபோல் முகம் சுளித்தார். போய்ச் சேர்ந்ததும் கீறல் விழுந்த இடங்களில் பூசிவிடலாமென்று டப்பாவும் பிரஷ்ஷுமாக அவரும் ஏறிக்கொண்டார்.

ஊரைத் தாண்டியதும் டிரைவர் ஓரங்கட்டி, பெல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தான். ஓட்டத்தில் ஒன்று இளகியிருந்தது. அதன் பல்சக்கரத்தை இன்னும் ஒரு பல் திருப்பி இறுக்கினான். மேம்பால இறக்கத்தில் சிவப்பு விளக்கு. மெல்ல மிதித்தான். வண்டி அலுங்காமல் நின்றது.

மாமா பின்கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நகரலையே?"

"நகரல."

"நல்லாப் பாத்தியா?"

"நீங்கதான பாத்துட்டிருக்கீங்க!"

பச்சை விழுந்தது. பாலத்தைக் கடந்து சற்றுத்தூரம்கூடப் போயிருக்காது.

"மாப்ளே, எதுக்கும் ஓரமா நிறுத்து. எறங்கி ஒரு தடவ தட்டிப் பாத்துடலாம்."

டிரைவர் பெருமூச்சு விட்டு, இண்டிகேட்டரைப் போட்டான்.