முதலில் விழுந்தது யார்?

தன் மேல் தப்பில்லை என்று மூன்று மணிக்குள் நிரூபிக்காவிட்டால் அண்ணியின் எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போய்விடும். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். எதிர் மேஜைக் கொழுந்தன் அப்படிக் கூப்பிட்டே மற்றவர்களையும் பழக்கிவிட்டான். அவள் எழுதியது டிஸ்க்கை இயக்கும் நிரல், அவன் எழுதியது நெட்வொர்க்கை. இரண்டும் கணினியையே கட்டி மேய்க்கும் ஒரே கர்னலுக்குள் கூட்டுக்குடித்தனம்.

காலையில் சோதனைக் கணினி மல்லாந்துவிட்டது. கர்னல் கடைசி மூச்சுவரை நடந்ததையெல்லாம் நேரம் போட்டுப் பதிந்த லாகில் டிஸ்க்கின் பிழை முதலில், நெட்வொர்க்கின் பிழை அடுத்து.

"லாக் பொய் சொல்லாதும்மா. மூணு மணிக்கு உன் புரோகிராமைத் தூக்கிடறேன்," என்றார் மேலாளர்.

அண்ணி எல்லார் முன்னாலும் கொழுந்தனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவனும் பெரிய மனசு பண்ணி மன்னித்தான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு மணிக்கு மறுபடி லாகைப் படித்தவள் களுக்கென்று சிரித்தாள். ஓரிடத்தில் கேள்வி போவதற்கு முன்பே பதில் வந்து உட்கார்ந்திருந்தது!

கணினியின் மூளைக்குள் தனித்தனியே வேலை செய்யும் நான்கு கோர்கள், ஆளுக்கொரு கடிகாரம். டிஸ்க் ஓடிய மூன்றாவது கோரின் கடிகாரம் துளி மெதுவு. நேரப்படி அடுக்கியதால் அது தாமதமாகச் சொன்னதெல்லாம் லாகில் முந்திக்கொண்டுவிட்டது.

அண்ணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேரத்தைத் தூக்கிக் கடாசினாள். நான்கு கோர்களுக்கும் பொதுவாக ஒரே டோக்கன் வரிசை வைத்தாள். எழுத வருகிற கோர் முதலில் ஓர் எண் எடுக்க வேண்டும், ஒன்று எடுத்த எண் இன்னொன்றுக்குக் கிடையாது. அதே சோதனையை ஓடவிட்டாள். கணினி சமர்த்தாக மறுபடி விழுந்தது.

டோக்கன் நாற்பத்தொன்று: நெட்வொர்க் எல்லை தாண்டி அடுத்தவர் நினைவகத்தில் எழுதியது. நாற்பத்திரண்டு: அதைப் படித்த டிஸ்க் விழுந்தது.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாதி அலுவலகம் எழுந்து நின்றது. மணி மூன்றாக நான்கு நிமிடம். மேலாளர் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"உன் புரோகிராம் இருக்கட்டும்மா," என்றார்.

கொழுந்தன் அசடு வழிந்தான். "அண்ணி, வந்து... சாரி..."

"உன் சாரி எனக்கெதுக்கு தம்பி? காலையில நான் ஒரு சாரி கேட்டேனே, அதைத் திருப்பிக் குடு!"