வர்றவர் உங்களுக்கு என்ன முறை?

கடவுக்கூடத்தில் எல்லோரும் அவனை முறைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் வேலை அப்படி. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடவு, இந்தப் பக்கம் ஒரு கடவு. அங்கே ஒருவர் கல் வாசல்நிலைக்குள் ஏறி நின்றால், அவரை ஏற்றுக்கொள்ள அவருக்கு வேண்டிய ஒருவர் இங்கே வந்து நிற்க வேண்டும். அப்படி வருபவரை உட்கார வைத்து, “வர்றவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்டு, சொல்வது மெய்தானா என்று முகத்தைப் பார்த்தே பிடித்து, பிசகாமல் சொல்லப் பழக்கி அனுப்புவது அவன் பொறுப்பு.

மலையைச் சுற்றி வண்டியில் போனால் ஒரு மாதமாகும். கடவு வழியே என்றால் ஒரே மூச்சில் இந்தப் பக்கம் வந்து இறங்கலாம். ஆனால் அது பொல்லாத சாமான். மந்திரம் ஓதி வார்த்த செப்புத் தகடு ஒன்று நிலைக்கு முன்னால் பதித்திருக்கும். ஏற்பவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, வருபவரை உச்சி முதல் பாதம் வரை வாய்விட்டுச் சொல்லி, கடைசியில் முறையைச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் தகட்டுக்குக் கேட்காது. முன்பின் தெரியாதவர் கை வைத்தால் தகடு சூடேறவே ஏறாது. சொன்னது வரும். சொல்லாதது அங்கேயே தரையில் கிடக்கும்.

துணிக்கடைக்காரர் ஒருவர் தன் மச்சானை ஏற்கும்போது அவசரத்தில் காதை விட்டுவிட்டார். மச்சான் வந்து இறங்கியபோது காதிருந்த இடம் வழவழவென்றிருந்தது. நல்லவேளை, அங்கே கழுவுவதற்குள் மறுபடி தகட்டில் கை வைத்து வரவழைத்துவிட்டார்கள். இன்னொரு அம்மாள் புருஷன்மேல் இருந்த கோபத்தில், முறை சொல்லும் இடத்தில், “எனக்குன்னு வாய்ச்ச தண்டம்” என்று சொல்லித் தொலைத்தாள். மனிதர் முழுசாகத்தான் வந்தார். வந்தவர் கூடத்துப் பெஞ்சில் சாயங்காலம்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ஒரு வேலைக்கும் உதவுவதில்லையாம். முன்னேயும் அப்படித்தான் இருந்தார் என்று அந்த அம்மாள் இன்றுவரை சாதிக்கிறாள்.

அங்கே விட்டுப்போவதை எடுத்துக் கழுவ ஓர் ஆள் வேண்டுமே. அவரை மிச்சக்காரர் என்பார்கள். விரலோ காதோ என்றால் வாளியில் அள்ளிவிடலாம். முறை விட்டுப்போனால் அது தரையில் ஈரத்திட்டாகக் கிடக்கும், காற்றில் காயாது, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றித் தேய்த்தால்தான் போகும். அந்த வேலை செய்பவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். அவர் வீட்டுப் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகள் விளையாட மாட்டார்கள். இதையெல்லாம் முறைக்காரன் யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை. அந்தப் பக்கக் கடவின் மிச்சக்காரர் அவனைப் பெற்ற அப்பா.

இந்தப் பக்கம் வந்து வேலைக்குச் சேர்ந்தபோது, அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தான். பிறகு கடவு மேலாளரே தன் மகளை அவனுக்குக் கொடுத்தார். பேச்சுக்குச் சொன்னது குடும்பக் கதையாகிவிட்டது. மனைவி முழுகாமல் ஆனதும், பையனாகப் பிறந்தால் உங்கள் அப்பா பேரை வைக்கலாம், பாவம், அவர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று கண் கலங்கினாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். மனிதன் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்கு அளவு கிடையாது போலிருக்கிறது. உயிரோடு இருக்கும் தகப்பனுக்கு அனுதாபம் வாங்கிக்கொண்டு அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கவும் செய்தான்.

ஒரு நாள் காலையில், அந்தப் பக்கத்தோடு பேசும் குழாயில் காதை வைத்திருந்த சக்கரக்கார அக்காதான் தலையைத் தூக்கினாள். கடவுச் சக்கரத்தைச் சுற்றுகிறவள் அவள். கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

“அங்கேர்ந்து மிச்சக்காரர் ஒருத்தர் வர்றாராம். சுண்ணாம்புப் புகை நெஞ்சுல இறங்கிடுச்சாம், இங்க ஆஸ்பத்திரியில சேர்க்கணுமாம். ஏத்துக்க முறைக்காரரைத்தான் கேட்டிருக்காரு.”

மேலாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். மிச்சக்காரருக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று புருவத்தைச் சுருக்கினார்.

“ஊர்ல தெரிஞ்சவர் மாமா,” என்றான் அவன்.

அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. மேலாளர் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போவார். அந்த நேரம் பார்த்து அப்பாவை வரவழைத்து, தகட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம். அக்கா வாயைத் திறக்க மாட்டாள். அப்பாவை நேரே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். இப்படியெல்லாம் கச்சிதமாக யோசித்துவைத்திருந்தான்.

மேலாளர் வீட்டுக்குப் போகவில்லை. முறைக்காரனே ஏற்கப்போகிறான் என்றதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாலைந்து பேரைக் கூட்டி வந்து தகட்டைச் சுற்றி நிறுத்தினார். ஏற்பதென்றால் எப்படி என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், என் மாப்பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை என்று பெருமையோடு அவன் தோளில் தட்டினார்.

அக்கா சக்கரத்தைச் சுற்றினாள். அவன் தகட்டில் கையை வைத்தான். அது உடனே சூடேறியது.

உடம்பைச் சொல்வதில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. முன்னந்தலையில் ஏறிய வழுக்கையைச் சொன்னான். சுண்ணாம்பு பட்டு எரிந்துபோன புருவத்தையும், ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்த தோளையும் சொன்னான். அந்தத் தோளில் உட்கார்ந்துதான் அவன் ஊரைப் பார்த்திருக்கிறான். வாளியின் கைப்பிடியிலேயே வளைந்துபோன சுண்டுவிரலையும், நகமில்லாத கால்விரலையும்கூட விடவில்லை. இழுக்கும் மூச்சையும் சொன்னான், அதை விட்டுவிட்டால் நல்லது என்று தோன்றினாலும் நோயை மட்டும் பிரித்து வைக்கக் கடவு ஒத்துக்கொள்ளாது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

கடைசியில் முறை. கூடத்தில் சக்கரத்தின் சத்தம் மட்டும் இருந்தது. மேலாளர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்து என்று கத்தியிருக்கலாம். கை வலிக்கிறது என்று எடுத்திருக்கலாம். முறையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

“தெரிஞ்சவர்,” என்றான்.

அப்பா வந்து இறங்கினார். கால் தரையில் பட்டதும் தள்ளாடி, நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினார். பிறகு அவனைப் பார்த்துக் கை குவித்தார். புதியவர்களில் ஒருவர் கைதட்டியேவிட்டார்.

ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அப்பா பெஞ்சின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி ஒடுங்கி உட்கார்ந்தார். அவன் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து, யாருக்கும் கேட்காமல், “அப்பா,” என்றான்.

யாரைக் கூப்பிடுகிறான் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

“யாரைத் தேடறீங்க தம்பி?” என்றார். டம்ளரை வாங்கிக்கொள்ளத் தயங்கி, தன் கை பட்டால் பரவாயில்லையா என்று கேட்டார். பிறகு மரியாதையாக, எனக்குக் குடும்பம் என்று ஒன்று அமையவில்லை, வேலை அப்படி, ஏதோ முகம் தெரிந்த நீங்கள் மனசு வைத்ததால் வந்து சேர்ந்தேன் என்று சொல்லித் தண்ணீரைக் குடித்தார்.

அந்த நிமிஷத்தில் அவனுக்கு முதலில் வந்தது துக்கமில்லை, நிம்மதி. இனி எவரும் வந்து எதையும் கேட்க மாட்டார்கள். சொன்ன பொய் மெய்யாகிவிட்டது. அவனுக்கு அப்பா இல்லை, அவ்வளவுதான். அந்த நிம்மதி தனக்குள்ளிருந்துதான் வந்தது என்று அடுத்த நொடியே உறைத்தது. தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அக்கா குழாயிலிருந்து தலையைத் திருப்பினாள். அங்கே தரையில் ஓர் ஈரத்திட்டு கிடக்கிறதாம். கழுவுகிற ஆள் இங்கே வந்துவிட்டதால் இவ்வளவு நேரம் யாரும் தொடவில்லை. இப்போது வண்டிப்பேட்டையிலிருந்து ஓர் ஆளைப் பிடித்துவந்து சுண்ணாம்பு கரைக்கிறார்களாம். கழுவிவிடலாமா என்று கேட்கிறார்கள் என்றாள். சொல்லும்போது மேலாளரைப் பார்க்கவில்லை, முறைக்காரனைத்தான் பார்த்தாள்.

தெரிந்தவருக்கு என்ன பெரிய முறை, ஊற்றிக் கழுவச் சொல் என்று மேலாளர் கையை வீசினார். அக்கா குழாயிடம் மெதுவாகக் குனிந்தாள். இவ்வளவு மெதுவாக அவள் எதற்கும் குனிந்ததில்லை.

“கழுவ வேணாம்னு சொல்லுங்க அக்கா,” என்றான் அவன். குரல் கீச்சென்று வந்தது. “அது என்னோடது.”

தகடு இன்னும் ஆறவில்லை. ஆறாத தகட்டில் மறுபடி கை வைக்கக் கூடாது என்று அவனேதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பான். கையை வைத்தான். தோல் பொசுங்கும் வாடை அவனுக்கே அடித்தது. அக்கா மேலாளரின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் சக்கரத்தைச் சுழற்றினாள்.

“என் அப்பா,” என்றான். அது போதும்தான். ஆனாலும் வாய் நிற்கவில்லை. “என்னைப் பெத்தவர். மிச்சக்காரர். உயிரோட இருக்கிறவர்.”

பெஞ்சிலிருந்தவர் உடம்பு ஒரு தடவை உலுக்கிப்போட்டது. டம்ளர் கீழே விழுந்து உருண்டது. அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு வெந்துபோன கையைப் பார்த்தார், “ஐயோ” என்று எழுந்துவிட்டார். அடுத்து மேலாளரைப் பார்த்தார். கடுகடுவென்று நிற்கும் அந்த முகத்தையும், மாப்பிள்ளையின் தலைகுனிவையும், ஒதுங்கி நின்ற புதியவர்களையும் பார்த்தார். அரை நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் வாழ்நாள் முழுக்கக் கழுவியது இந்த மாதிரித் திட்டுகளைத்தானே. தன்னுடையது எப்படித் தரையில் விழுந்திருக்கும் என்று அவருக்கா தெரியாது.

“ஐயா, தம்பி சொல்றதைப் பெருசா எடுத்துக்காதீங்க,” என்றார் மேலாளரிடம், மூச்சு வாங்க. “வெறும் தெரிஞ்சவன்னு சொன்னா ஆஸ்பத்திரியில என்னை வெளிய உட்கார வெச்சிருவாங்கன்னு ஒரு இரக்கத்துல சொல்லிட்டாரு. நான் அவருக்கு ஒண்ணும் ஆகாதவன்.”

மேலாளரின் முகம் தெளிய ஆரம்பித்தது. அவருக்கு அதை நம்ப வேண்டியிருந்தது. மகள் இருக்கிறாள், பேரப்பிள்ளை வரப்போகிறது, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“அப்படியா மாப்பிள்ளை?” என்றார், கொஞ்சம் கெஞ்சலாகவே.

ஒரு தலையசைப்புப் போதும். முறை வந்து சேர்ந்துவிட்டது, அப்பாவுக்கு அவனைத் தெரிகிறது, இனி வெளியே என்ன சொன்னாலும் கடவுக்கு அக்கறையில்லை. வீடு தப்பிக்கும். சாயங்காலம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போகலாம். அவன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. உருண்டுபோன டம்ளரை அக்கா குனிந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். அதற்குப் பிறகும் வரவில்லை.

“இல்ல மாமா,” என்றான் கடைசியில். “அவர்தான் என் அப்பா.”

அந்தப் பதிலைப் பிறகு பலரும் மெச்சினார்கள். மேலாளர் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி அழுது, திட்டி, அப்புறம் அவளே ஆஸ்பத்திரிக்குப் போய் மாமனாரைப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் ஒருவழியாகச் சரியாயிற்று. ஆனால் பதில் வருவதற்கு முன்னால் அவன் வாயைத் திறந்துகொண்டு நின்றானே, அந்த நேரம் முழுவதும் அப்பா அவனைப் பார்க்கவில்லை. ஒருவர் உடை மாற்றும்போது நாம் திரும்பிக்கொள்வதுபோல், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, அவன் யோசித்து முடிக்கட்டும் என்று நின்றார். நல்ல பிள்ளை என்று யாராவது அவனைச் சொன்னால், அவன் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவான்.