ராகு காலத்து டெலிபோன்

சிவகாசியில் சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் காலண்டர் அச்சகத்தில் தினசரித் தாளைக் கம்ப்யூட்டரில் அடிப்பது மாரிசெல்வியின் வேலை. அடுத்த வருஷத்து ராகு காலம், எமகண்டம், சூலம், பரிகாரம் எல்லாம் இந்த வருஷம் சித்திரையிலேயே அவள் கைவழியாகப் போய்விடும். எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் போகக் கூடாது, போய்த்தான் தீரவேண்டும் என்றால் எதைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் புருஷன் செல்லப்பாண்டி பஹ்ரைனுக்கு விமானம் ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை. மேற்கே சூலம். அவளுக்கு அது அன்றைக்கே தெரியும். அனுப்பிவைத்த ஏஜெண்டிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அது நடந்து நாலு வருஷமாயிற்று. கல்யாணம் ஆகி இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது மொத்தம் நாற்பது நாள்.

அச்சகத்துக்குப் பின்னால் ஒரு காலிக் குடோன் கிடந்தது. 2007இல் அதை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கியவன் அன்பரசன். பாலிடெக்னிக் முடித்தவன், எதைக் கண்டாலும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்துவிடுவான். 'கணினிப் பட்டறை' என்று பலகை மாட்டினான். யாரும் வரலாம், எதையும் பிரிக்கலாம், திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். மாரிசெல்வி வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவாள். இணையத்தில் சும்மா கிடைக்கிற ஒரு மென்பொருளைப் போட்டால் பழைய கம்ப்யூட்டரே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆகிவிடும், உலகத்தில் எங்கே ஒரு நெட் கடை இருந்தாலும் அங்கிருந்து பட்டறைக்குப் பேசலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். மூன்று வாரம் போராடினார்கள். முதலில் அந்தப் பக்கம் பேசுவது மட்டும் கேட்டது. அதைச் சரி செய்ததும் இந்தப் பக்கம் பேசுவது மட்டும் கேட்டது. கடைசியில் ஒரு புதன்கிழமை இரண்டும் கேட்டன. அன்பரசன் மிட்டாய் வாங்கிக் கொடுத்தான்.

அதில் அதிகம் சந்தோஷப்பட்டவர்கள் அச்சகத்தில் தாள் அடுக்கும் பெண்கள் பதினோரு பேர். ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் அச்சங்குளத்திலிருந்தும் வேனில் வருகிறவர்கள். அவர்கள் புருஷன்மாரும் செல்லப்பாண்டியும் ஒரே ஏஜெண்டு மூலம் ஒரே கம்பெனிக்குப் போய் ஒரே கேம்ப்பில் கிடந்தார்கள். பன்னிரண்டு ஆம்பளைகளுக்கும் விடுமுறை வெள்ளிக்கிழமை மட்டும்தான். கேம்ப் வேன் அவர்களை எட்டு மணிக்கு நெட் கடையில் இறக்கி ஒன்பதரைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். அங்கே எட்டிலிருந்து ஒன்பதரை என்றால் இங்கே பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். காலண்டர் அடிக்கிறவளுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

முதல் வெள்ளிக்கிழமை போன் மணி அடித்ததும் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ராகு காலத்துல என் கட்டடத்துல போன் அடிக்குது. நான் காலண்டர் அடிக்கேனா, சினிமா நோட்டீஸ் அடிக்கேனா?"

"தானா வர்ற கால் அண்ணாச்சி. நாம ஒண்ணும் தொடங்கலையே" என்றான் அன்பரசன்.

"எடுத்தா தொடங்குன மாதிரிதானலே. சேலத்துல இருந்து காலண்டர் எடுக்குற ஏஜென்சிக்காரரு வந்து பாத்தாருன்னா என்ன நெனப்பாரு? நாம அடிச்ச தாள நாமளே மதிக்கலன்னு நெனைக்க மாட்டாரா? ஒண்ணு அந்தப் போனுக்குக் காலண்டரச் சொல்லிக்குடுங்க. இல்லையா, குடோனக் காலி பண்ணுங்க. சீசனுக்கு அட்டை லோடு வருது."

மாரிசெல்விக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் பட்டறை போனால் எல்லாமே போய்விடும். இரண்டே சாயங்காலத்தில் வருஷத்துப் பஞ்சாங்கம் முழுவதையும் எக்ஸ்சேஞ்சுக்குள் ஏற்றிவிட்டாள். இனி ராகு காலத்தில் யார் அழைத்தாலும் அண்ணாச்சியின் குரல்தான் கேட்கும்: "இப்போது ராகு காலம். பன்னிரண்டு மணிக்கு மேல் அழைக்கவும். சுபகாரியங்களுக்குச் சங்கரபாண்டியன் காலண்டர்களையே பயன்படுத்தவும்."

அண்ணாச்சி அத்தோடு விடவில்லை. சூலமும் வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை பெங்களூருக்குப் பேச ரிசீவரை எடுத்தால், "இன்று வடக்கே சூலம். பால் குடித்திருந்தால் ஒன்றை அழுத்தவும்" என்றது போன். குடிக்காமலேயே அன்பரசன் ஒன்றை அழுத்துவதை ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். பொய்ச் சத்தியம் வாங்குகிற மிசின் என் இடத்தில் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். அன்பரசன் வேறு வழியில்லாமல் வெல்லம், தயிர், பால், தைலம் நான்குக்கும் நான்கு டப்பா வைத்து, அடியில் எடை பார்க்கும் கருவியைப் பொருத்தினான். டப்பாவில் எடை குறைந்தால்தான் லைன் திறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எறும்புகள் வெல்லத்தைக் காலி பண்ணி, மேற்குத் திசையை அவை பாட்டுக்குத் திறந்துவிட்டிருந்தன. தைலத்தை யாரும் தொடவில்லை. வியாழக்கிழமைகளில் திருநெல்வேலிக்குப் பேசுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

சூலத்துக்காவது பரிகாரம் உண்டு. ராகு காலத்துக்கு எதைத் தின்றும் பிரயோஜனம் இல்லை. பெண்களின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அன்பரசன் ஒரு சிவப்பு பல்பை மாட்டினான். அழைப்பு வந்தால் மணி அடிக்காது, அழைத்தவர் லைனில் இருக்கும் வரை பல்பு எரிந்து அணையும். விளக்கு எரிவது எந்த நேரத்திலும் நல்லதுதான் என்று அண்ணாச்சியும் ஒத்துக்கொண்டார். ராகு காலத்தில் அச்சகத்தில் புது வேலை எதுவும் தொடங்குவதில்லை என்பதால் அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் குடோனில் நாற்காலி போட்டு எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எதிரே பன்னிரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து பல்பைப் பார்ப்பார்கள். பஹ்ரைனில் ஆம்பளைகள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக ஹெட்போனை மாட்டி, அண்ணாச்சியின் விளம்பரத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போவார்கள்.

"மூணாவது எம்வீட்டு ஆளு" என்பாள் வள்ளித்தாய். "நல்லாத்தான் இருக்காரு போல. எரிஞ்சதப் பாத்தியா, எம்புட்டு வெளிச்சம்."

பன்னிரண்டாவது செல்லப்பாண்டி. வரிசையில் யார் முந்தினாலும் வழிவிட்டுவிடுவான். அதுதான் அவனிடம் மாரிசெல்விக்குப் பயம். எதிரில் நிற்கிற ஆள் என்ன சொன்னாலும் அவன் தலை ஆடிவிடும்.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு புதன்கிழமை அவன் கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் மூன்று வருஷத்துக்குச் சனிக்கிழமை எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள், போடாதவர்களை உடனே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். 'போடவா வேண்டாமா, நீ சொல்வதுதான். வெள்ளிக்கிழமை போனில் சொல்' என்று எழுதியிருந்தான். எந்தப் போனில், எந்த நேரத்தில் என்று யோசிக்க அவனுக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை அவள் பேசாவிட்டால் சனிக்கிழமை சூப்பர்வைசர் எதிரில் நிற்பான். இவன் தலையாட்டுவான். மூன்று வருஷம் போய்விடும்.

மாரிசெல்வி கடிதத்தை அப்படியே அண்ணாச்சி மேஜையில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியது.

"மனசு கேக்கல தாயி. ஆனா ராகு காலத்துல புருசன் பொண்டாட்டி தலையெழுத்த முடிவு பண்ணலாமா? உனக்குத் தெரியாததா?"

"தெரியும் அண்ணாச்சி. வேற நேரம் அவுகளுக்குக் கெடையாது."

அவர் மேஜையில் கிடந்த தாளைத் தடவினார். "என் கல்யாணத்துக்கு மெட்ராசுல பொண்ணு. கெளம்புற நேரம் சரியில்ல. எங்கப்பா என்ன செஞ்சாரு? மொத நாளே நல்ல நேரத்துல என் டிரங்குப் பெட்டியக் கொண்டுபோயி தெருக்கோடி வீட்டுல வச்சுட்டாரு. பரஸ்தானம். பெட்டி கெளம்பிருச்சுன்னா ஆளு கெளம்புன மாதிரி. அப்புறம் எப்பப் போனாலும் தோசமில்ல."

மாரிசெல்வி அவரையே பார்த்தாள். "அப்ப என் பேச்சையும் நாளைக்கே நல்ல நேரத்துல பேசி உள்ள வச்சுட்டா?"

அண்ணாச்சிக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அது பரஸ்தானம்தான். நாளைக்கு வியாழன், சூலம் தெக்கே, மேற்குக்கு வில்லங்கமில்ல. பதினோரு மணிக்கு வை."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அன்பரசன் மைக்கை வைத்தான். அண்ணாச்சியின் அறிவிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பதாக ஏற்பாடு. மாரிசெல்வி பேசினாள்: "ஏங்க, நான்தான் பேசுறேன். கையெழுத்துப் போடாதீக. எனக்கு நீங்க இங்கன இருந்தாப் போதும். வந்துருங்க."

"பேரு சொல்லலையேக்கா" என்றான் அன்பரசன். "யாருக்குன்னு தெரிய வேண்டாமா?"

"அவுக பேர நான் எப்படித் தம்பி சொல்ல? எங்குரல் தெரியாதா அவுகளுக்கு?"

"சரிதானலே" என்றார் அண்ணாச்சி. "எந்தப் பொம்பள புருசன் பேர மிசின்ல சொல்லுவா."

மூன்று பேருக்கும் திருப்தி. எக்ஸ்சேஞ்சின் நுணுக்கம் பூராவும் தெரிந்த இரண்டு பேரும், பஞ்சாங்கம் பூராவும் தெரிந்த ஒருவரும் அங்கே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை அழைக்கப்போவது பன்னிரண்டு பேர் என்பது மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பல்பு முதல் தடவை எரிந்தபோது வழக்கம்போல் உடனே அணையவில்லை. அரை நிமிஷம் எரிந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது எரிந்து, அணைந்து, திரும்பவும் எரிந்தது. "இன்னைக்கு என்னமோ நின்னு எரியுது" என்று வள்ளித்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டாவது ஆளுக்கு எரிந்தபோது மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் கூடவே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அச்சக வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பெட்டியும் கம்பளியுமாக ஆம்பளைகள் இறங்கினார்கள். முதலில் இறங்கியவன் வள்ளித்தாயின் புருஷன் இருளாண்டி. தாள் அடுக்கிக்கொண்டிருந்தவள் பேயைப் பார்த்ததுபோல் நின்றாள்.

"நீங்க எங்கன இங்கன?"

"நீதான வரச் சொன்ன."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"மூணு மாசமா இவரு தொண்டையக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்று இருளாண்டி அண்ணாச்சியைக் காட்டினான். "வெள்ளிக்கெழம ஹெட்போன மாட்டுனா பொம்பளக் குரலு. ஏங்க, வந்துருங்கன்னு. ஒன்னயத் தவிர என்னைய யாருடி அப்படிக் கூப்புடுவா? ரெண்டு தடவ கேட்டேன்."

பின்னால் இறங்கிய பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு பொண்டாட்டியைப் பார்த்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் குரல் என்று தெரிந்ததும் சில பெண்கள் அழுதார்கள், சிலர் மாரிசெல்வியைத் திட்டினார்கள், ஒருத்தி இரண்டையும் செய்தாள். மாரிசெல்வி வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். டிரைவர் மட்டும் இருந்தான்.

"அவுக?" என்று இருளாண்டியிடம் கேட்டாள்.

"செல்லப்பாண்டியா? நேத்து எங்க கூட ஏர்போர்ட்டு வரைக்கும் வந்தான். விமானம் ஏறுற கேட்டு பக்கத்துல நின்னுட்டு, நான் வரலன்னுட்டான். சூப்பர்வைசரு கத்துறாரு, அசையல. ஒண்ணும் சொல்லவும் இல்ல."

அவள் குடோனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். பதினோரு பேருக்குப் புருஷனை வரவழைத்துக் கொடுத்த குரல் அவளுடையது. அவளுக்குத்தான் வரவில்லை. வெளியே பதினோரு ஜோடி சண்டை போடும் சத்தம் விடாமல் கேட்டது. அன்பரசன் டீ கொண்டுவந்து வைத்தான். அது ஆறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் காலையில் அவள் பட்டறைக் கதவைத் திறந்தபோது படியில் ஒரு பெட்டி இருந்தது. பக்கத்தில் செல்லப்பாண்டி.

"நேத்து ஏன் வரல?" அவளுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"முந்தாநாள் திங்கக்கெழம. கெழக்கே சூலம்" என்றான் அவன். "தயிர் சாப்புட்டா வரலாம்னு காலண்டர்ல நீ அடிச்சிருக்க. ஏர்போர்ட்டுல தேடுனேன். மோரு மாதிரி ஒண்ணு பாட்டில்ல இருந்துச்சு. அது செல்லுமா செல்லாதான்னு தெரியல. போறப்பத்தான் சூலத்துல போனேன், வர்றப்பவாவது ஒழுங்கா வரணும்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். "அது எங்குரல்னு தெரிஞ்சுதா ஒங்களுக்கு?"

"நாப்பது நாளு கேட்ட குரலு. தெரியாமயா?"

"பெறகு ஏன் அவுகட்டயெல்லாம் சொல்லல? ஊரே என்னையத் திட்டுது."

செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லியிருந்தா அவனுக பூராம் கையெழுத்துப் போட்டுருப்பானுக. அம்புட்டுத் தூரம் ஒத்தையில வர எனக்குப் பயமா இருந்துச்சு."

கடைசியில் ஒத்தையில்தான் வந்திருக்கிறான். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அண்ணாச்சி வழக்கம்போல் நாற்காலியைப் போட்டார். மாரிசெல்வியும் செல்லப்பாண்டியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பல்பு எரியவில்லை. பதினொன்று ஆயிற்று, எரியவில்லை. அண்ணாச்சி எழுந்து பல்பைத் தட்டிப் பார்த்தார். அன்பரசன் எக்ஸ்சேஞ்சைத் திறந்து காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது, கூப்பிடத்தான் அங்கே ஆள் இல்லை என்றான்.

அண்ணாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. பல்பையும் செல்லப்பாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏப்பா, அங்கன வேல நல்லாத்தான இருந்துச்சு? திரும்ப ஒருநட போயிட்டு வாறியா? ஏஜெண்டு நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்."

செல்லப்பாண்டியின் தலை ஆடத் தயாராவதை மாரிசெல்வி பார்த்தாள். பாதி ஆடிய தலையை அவன் நிறுத்தி, சுவரில் இருந்த காலண்டர் தாளைப் பார்த்தான்.

"ராகு காலத்துல எப்படி அண்ணாச்சி பதில் சொல்ல? பன்னெண்டு மணி ஆகட்டும்."

"அதுவும் சரிதான்" என்று அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மாரிசெல்வியும் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. காலண்டர் அடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நாள்கூட அவள் அந்த நேரத்தில் எங்கேயும் புறப்பட்டதில்லை. எழுந்து, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, ராகு காலத்திலேயே அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.