கடல் பக்கம் ஓர் இடைவெளி

என் மைத்துனன் முபாஷிர் வேலை செய்த கப்பல், காலடிப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரியும். தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் அது துறைமுக எல்லைக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது. அதன் பிறகு அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எண்ணெய்க் கப்பல். வாங்கக் கூடாது என்று சில நாடுகள் தடை போட்டிருந்த எண்ணெயை அது ஏற்றிப் போயிருக்கிறது. இஞ்சின் அறை வேலைக்குச் சேர்ந்த முபாஷிருக்கு அதெல்லாம் தெரியாது. ஒருநாள் கப்பலின் பெயர் தடைப் பட்டியலில் ஏறியது. இன்ஷூரன்ஸ் கம்பெனி விலகியது. கப்பலைப் பதிவு செய்து கொடி கொடுத்த நாடு கொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. எங்கோ இருந்த முதலாளி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கப்பலில் இருந்தவர்களுக்குக் காசிமேட்டுப் படகுக்காரர்கள்தான் போகிற போக்கில் தண்ணீரும் மீனும் கொடுத்துவந்தார்கள்.

நான் ராயபுரத்தில் கிருஷ்ணப்பன் என்பவரிடம் வேலை செய்கிறேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் தொழில். அந்த ஒரு கப்பலுக்கு மட்டும் நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு காலை, சுபுஹு தொழுதுவிட்டு வந்து சாய்ந்த என் மாமனார் கலீலுல்லா பிறகு எழவில்லை. என் மனைவி நவ்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அத்தாவுக்கு மொதல் தோளு என் தம்பி குடுக்கணும். கண்ணுக்கு எதிர்லதான கீறான்? இட்டாந்துருங்க."

நான் ராயபுரத்துக்கு ஓடினேன். கிருஷ்ணப்பன் இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டார். கடைசியில் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பிலாலு, ஆளை எறக்கணும்னா ஏஜென்ட் வோணும். அந்தக் கப்பலுக்கு நான்தான் ஏஜென்ட்டுன்னு எவன் கையெழுத்து போடுவான்? போட்டா மறுநாளே அவன் பாங்க் கணக்க முடக்கிடுவானுங்க."

"அவன் இந்த ஊர்க்காரன் சார். ஆதார் கார்டுலயே காலடிப்பேட்டைன்னு கீது."

"அவன் இந்த ஊருதாம்ப்பா. கப்பலு எந்த ஊரு? சொல்லு பாக்கலாம்."

நான் குரலைத் தாழ்த்தினேன்.

"நைசா ஒரு படகு வெச்சு..."

"அந்த நெனப்பே வோணாம். கரைல கால் வெச்சவொடனே புடிச்சி உள்ள போட்ருவான். அப்பால ஆயுசுக்கும் கப்பல் வேலை கெடைக்காது." சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "நட, நானும் வரேன். பெரியவரு ஹார்பர்ல மூட்டை தூக்கச்சொல்லோ எங்க நைனாவோட கூட்டாளி."

வீட்டில் நவ்ரீன் தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். சிக்னல் வந்து வந்து போனது. அடக்கத்தை மறுநாள் வைக்க முடியுமா என்று அவன் கேட்கிறானாம். தொழுகை நடத்த வந்திருந்த ஹஜ்ரத் தலையை அசைத்தார்.

"மய்யித்தை வெச்சிக்கிட்டுக் காத்திருக்கக் கூடாதும்மா. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எடுத்துடலாம்."

"அப்ப உள்தெரு வாணாம். கடல் ரோட்டால எடுத்துகினு போங்க. அவன் அங்கேர்ந்து பாக்கட்டும்."

"அது சுத்தாச்சேம்மா," என்றார் பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த ஒருவர். "வெயிலு வேற."

"எங்கத்தா இன்னா, வெயிலே படாத நவாபா?"

கடல் ரோடு என்றே முடிவானது. கேப்டனிடம் கேட்டுத் தூரக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொள்வதாக முபாஷிர் சொன்னான். "சந்தூக்கு மேல பச்சைப் போர்வை போடுங்கக்கா. பச்சைதான் தூரத்துல தெரியும்."

வழக்கப்படி பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நவ்ரீன் மொட்டை மாடிக்கு ஏறினாள். நாங்கள் கலிமா சொல்லிக்கொண்டே, பச்சைப் போர்வை விரித்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்து கடல் ரோட்டுக்கு வந்தோம்.

அங்கே கடல் தெரியவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கடலோரப் பாதை முழுக்க, ஒன்றின் வாலில் ஒன்று மூக்கை வைத்து நின்றன. எப்போதும் நிற்பவைதான். ஆனால் அந்த வாரம் அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரி ஏறப்போகிறது என்று இறால், தோல், சட்டை எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி வந்திருந்தன. ஒரு ஆள் நுழையக்கூட இடமில்லை. கடற்காற்றுகூட வரவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வரிசையைப் பார்த்து வளர்ந்த நவ்ரீனுக்கும், தினமும் அதன் ஓரமாகவே வேலைக்குப் போகும் எனக்கும், அது மறைக்கும் என்று தோன்றவேயில்லை.

நான் எதிரே நின்ற லாரியின் கதவைத் தட்டினேன். டிரைவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் அறிவு என்று பெயர் எழுதியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தனியா ஒண்ணு நிக்குதே, அதுவா?"

"அதான்."

"எறா லோடு, நைனா. இன்னிக்கி உள்ள போவலன்னா வரில மாட்டிக்கும்னு ஓனரு உயிர எடுத்துகினு கீறான். கேப் வுட்டா பூந்துருவானுங்க."

அது எனக்கும் தெரியும். அந்த வரிசையில் யாரும் இடைவெளி விடுவதில்லை. சந்தில் காத்திருக்கும் வண்டிகள் அடுத்த நொடியே நுழைந்துவிடும். போன இடம் போனதுதான்.

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. அறிவு நகரவில்லை. முன் லாரி மறுபடியும் நகர்ந்தது, அதற்கு முன்னதும் நகர்ந்தது. அவர் ஸ்டியரிங்மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் திறந்தது.

பின்னால் பச்சைக் கன்டெய்னர் ஏற்றி நின்ற வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். "இன்னாயா, வண்டிலயே குடித்தனம் நடத்துறியா? எடு!"

"மவுத்து போவுதுடா. கம்முனு கெட!"

ஹாரன் நின்றது.

சந்தூக்கை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பிப் பிடித்தோம். முன்பக்கத்து வலது தோள் முபாஷிர் கொடுத்திருக்க வேண்டியது. அங்கே கிருஷ்ணப்பன் நின்றிருந்தார். ஹஜ்ரத் ஃபாத்திஹா ஓத ஆரம்பித்தார். தூரத்தில் கப்பல் இருந்தது. ஓதி முடிவதற்குள் சந்திலிருந்து இரண்டு வண்டிகள் நுழைந்து இடைவெளியை அடைத்தன. வரிசை மறுபடியும் உறைந்தது.

"போங்க, நல்லபடியா அடக்கம் பண்ணுங்க," என்றார் அறிவு.

நாங்கள் வடக்கே நடந்தோம். திரும்பிப் பார்த்தபோது அவர் லாரியும், அதன் பின்னால் பச்சைக் கன்டெய்னரும் அதே இடத்தில் நின்றன.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குப் பிறகுதான் போன் வந்தது. நவ்ரீன் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்தேங்க்கா," என்றான் முபாஷிர். "பச்சை நல்லாத் தெரிஞ்சுது. அரை மணி நேரம் ஆடாம அசையாம நின்னுச்சு. எனக்கோசரமா நிக்க வெச்சீங்க?"

நான் நவ்ரீனைப் பார்த்தேன். இடைவெளி திறந்ததையும் மூடியதையும் அவள் மாடியிலிருந்து பார்த்தவள். அங்கே அரை மணி நேரம் நின்ற பச்சை எது என்று என்னைப்போலவே அவளுக்கும் தெரியும்.

"ஆமாடா, உனக்கோசரம்தான்," என்றாள். "தோளு மாத்தி மாத்தி நின்னாங்க."

"வெயில்ல கஷ்டப்பட்டுகீறாங்க."

"ஒருத்தரும் மொணங்கலடா."

போனில் அலைச் சத்தம் கேட்டது.

"அது நவுர்ற வரைக்கும் நானும் நின்னுகினுதான் இருந்தேங்க்கா," என்றான்.