கங்கம்மாவின் தூக்கம்

எடுத்துவிடு என்றால் எப்படி எடுப்பது, அது என்ன சொத்தைப் பல்லா, குறடு போட்டுப் பிடுங்கிவிட… தூக்கத்தைக் கொடுக்கத்தானே அந்த வேலூர் டாக்டர் சொல்லிக்கொடுத்தார், எடுப்பதைப் பற்றி அந்தக் கிழவர் ஒரு வார்த்தை பேசவில்லையே, என்று தனக்குள்ளேயே மல்லுக்கு நின்றபடி கொர்னேலியஸ் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தான். மூன்று மணி வெயில் தகரக் கூரைகளில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. சுரங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் அவன், ஏழு வருஷ சர்வீஸ், நசுங்கின கையைப் பார்த்தும் முகம் சுளிக்காதவன், இன்றைக்கு ஒரு பொம்பளை வீட்டுக்குப் போக இப்படிச் சந்து சந்தாகச் சுற்றுகிறானே. நேற்று கங்கம்மா ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள், மகன் தசரதனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள், எல்லார் காதிலும் விழும்படி, நீங்க குடுத்த தூக்கத்த நீங்களே எடுத்துடுங்க ஐயா, என்றாள். கத்தக்கூட இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

தூங்குகிறாளாம். பாறை சரிந்து இருபத்துநாலு வயசுப் பிள்ளையைச் சாக்கில் கட்டித் தூக்கிவந்த அன்றைக்கும் விளக்கு வைத்ததும் கண் சொருகித் தூங்கிப்போனாளாம், அடுத்த வீட்டு ரத்தினம்மா தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாளாம், புள்ளய வாரிக் குடுத்துட்டு குறட்ட வுடறா பாரு, கல்லு நெஞ்சுக்காரி, என்று. கல் நெஞ்சா அவளுக்கு? மகன் முதல்முதலாகச் சுரங்கத்தில் இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜில் ஏறிக் கீழே போன நாளிலிருந்து ஒன்றரை வருஷம் பொட்டுத் தூக்கம் இல்லாமல் வாசப்படியில் உட்கார்ந்து கிடந்தவள், கண் இரண்டும் பள்ளமாகி, சோற்றில் உப்புப் போட்டோமா இல்லையா என்பதுகூட மறந்துபோய், இன்னா மருந்து இருந்தாலும் குடுங்க ஐயா என்று வந்தவள்… மருந்து எங்கே இருந்தது, இந்தக் கைதான் இருந்தது. என் விரலைப் பாரும்மா, மூச்சை மெல்ல விடு, உன் மகன் மேலே வந்துவிட்டான், கை கால் கழுவுகிறான், இனி உனக்குக் காவல் வேலை இல்லை, தூங்கு. நெற்றியிலிருந்து தோள்வரை தொடாமல் கையை இறக்க வேண்டும், அவ்வளவுதான். மெஸ்மரிசம் என்றார் டாக்டர், வசியம் என்றார்கள் லைன்காரர்கள், பெயர் எதுவானால் என்ன, பத்தே நாளில் கங்கம்மா தூங்கினாள், அவளைப் பார்த்துப் பார்வதம்மா வந்தாள், மங்கம்மா வந்தாள், மாசம் மூன்று ஆவதற்குள் பதினோரு தாய்மார், மத்தியானத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் வரிசையாக.

அப்போது தலை கால் புரிந்ததா அவனுக்கு? இல்லவே இல்லை. தூக்கத்து டிரெஸ்ஸர் என்று ஜனங்கள் கூப்பிட்டால் கோபம் வருவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே குளிர்ந்துபோனவன். சுரங்கத்துத் துரைகூட ஒருநாள் தோளில் தட்டினார், நல்ல வேலை கொர்னேலியஸ், இப்போதெல்லாம் ஆட்கள் லீவு கேட்பதில்லை, அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்கு ஓடுவதில்லை, என்று. அந்தப் பேச்சு என்ன பேச்சு என்று அன்றைக்கு ஏன் உறைக்கவில்லை? சம்பளக்காரன் காதில் மெச்சினது மட்டும்தான் விழும்போல. அதற்கு முன்னாலேயே ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் தசரதன்… வேண்டாம், அந்த நினைப்பு வேண்டாம், பதினேழு நாளாகக் கதவைச் சாத்திச் சாத்தி வைத்தாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா. வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி நீட்டினான் பிள்ளை. அம்மா நல்லா தூங்கறாங்க ஐயா, அவங்க முழிச்சிகினு கெடக்கறத பாக்க முடியாமதான் பூதிகோட்ட கௌடர் கிட்ட ஏர் ஓட்ட வரேன்னு சொல்லி வெச்சேன், இப்ப இன்னாத்துக்குப் போவணும், இங்கியே இருந்துட்றேன், என்றான். கொர்னேலியஸ் என்ன சொன்னான்? சந்தோஷம்ப்பா என்றான். அங்கேயே நின்று இரண்டு பழம் உரித்துத் தின்றான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இங்கே குரங்குகூட மிஞ்சவில்லை. நல்லவேளை, இது கங்கம்மாவுக்குத் தெரியாது, என்று எண்ணியபடியே அவள் வீட்டு வாசலில் குனிந்து நுழைந்தான்.

பாய் விரித்து, அவனுக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தாள். வாங்க ஐயா, குந்துங்க, என்றாள். கொர்னேலியஸ் தரையைப் பார்த்தான், அவள் கால் விரலைப் பார்த்தான், முகத்துக்கு மட்டும் கண் ஏற மறுத்தது. தூக்கம் நல்லதுதானே கங்கம்மா, உடம்பாவது நிற்குமே, என்று ஏதோ உளறினான். அவள் தலையாட்டினாள்.

“உங்க மேல வருத்தமில்ல ஐயா. அவன் பூதிகோட்டைக்குப் போறதா இருந்தான். நா தூங்கறத பாத்துட்டுத்தான் நின்னுட்டான். இன்னும் ஒரு மாசம் முழிச்சிகினு கெடந்திருந்தா போயிருப்பான்.”

“உனக்குத் தெரியுமா இது?”

“பெத்தவளுக்குத் தெரியாதா? இப்ப அவனுக்கோசரம் அழலாம்னு குந்தினா, நாலு சொட்டு வர்றதுக்குள்ள கண்ணு இழுத்துகினு போவுது. எம்புள்ளைக்கு நா அழவாணாமா ஐயா? அத எடுத்துட்டுப் போங்க.”

எடுக்கிறேன், எப்படியாவது எடுக்கிறேன், வார்த்தையைத் திருப்பிப் போட்டால் ஆகாதா, உன் மகன் மேலே வரவில்லை, இனி உனக்குத் தூக்கம் இல்லை என்றால் போதாதா… அதைச் சொல்ல நாக்கு எழும்புமா, சொல்லித்தான் ஆக வேண்டும், இந்த ஒரு பாவத்தையாவது நேராக்கிவிட்டால் போதும், என்று கொர்னேலியஸ் கையைத் தூக்கினான். வாயைத் திறக்கவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. கையைக் கண்டதுமே கங்கம்மாவின் தலை சாய்ந்தது, இமை மூடியது, சுவரோரம் சரிந்து தூங்கிப்போனாள். தூக்கின கை தூக்கினபடியே நின்றது. எழுப்ப அவனுக்குத் தெரியும், மூன்று எண்ணினால் எழுந்துவிடுவாள், எழுந்ததும் எடுத்துட்டீங்களா என்று கேட்பாள். ஒன்று, என்று மனசுக்குள் எண்ணினான். அவள் நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லை, உதடு லேசாகப் பிரிந்திருந்தது, தசரதனுக்கு இதே உதடு என்பதை இப்போதுதான் கவனித்தான்… இப்போதுதான்? வந்ததிலிருந்து தரையையே பார்த்தவன், எப்போது இந்த முகத்தைப் பார்க்கத் தொடங்கினான்? இவள் தூங்கினால்தான் தன்னால் இவளைப் பார்க்க முடிகிறதா? இரண்டு, என்று எண்ணினான், அதற்கு மேல் எண்ணாமல் உட்கார்ந்திருந்தான்.